படகு வந்து சேராத வழக்குகள்

கும்ப மாதத்துப் பூர நாளன்று கழக்கூட்டத்தில் பல தமிழ் வீடுகளின் அடுக்களை ஓய்ந்து கிடக்கும். முதல் நாள் மாலையே வீட்டுப் பெண்கள் மண்பானை, பச்சரிசி, வெல்லம், தேங்காய், காய்ந்த ஓலைக்கட்டு ஆகியவற்றுடன் பேருந்தேறி ஆற்றுக்காலுக்குப் போய்விடுவார்கள். சாலையோரத்தில் மூன்று செங்கல்லை வைத்து இடம் பிடித்துவிட்டால் பின்பு காத்திருப்பதுதான் வேலை. 2009ஆம் ஆண்டில் இவ்வாறு 25 இலட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் ஏடு பதிவு செய்தது. இத்தனை அடுப்புகளும் மூட்டப்படும் வேளையை அறிவிப்பது ஒரு பாட்டு. பத்து நாள் விழாவில் கண்ணகியின் கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடி வருகிறவர்கள் பாண்டியன் வதமாகும் கட்டத்தைப் பாடி முடித்த பின்னரே கோயில் அடுப்பில் தீ இடப்படும்; அங்கிருந்து அது அடுப்புக்கு அடுப்பு பரவும். ஓர் அரசவை பிழைத்ததையும், பிழைத்தவன் வீழ்ந்ததையும் காதாரக் கேட்ட பிறகுதான் இந்நகரத்துப் பெண்கள் பொங்கலிடுகிறார்கள். தமிழில் முதல் வழக்கு மன்ற நாடகம் எது என்று வினவுவார்க்கு நாம் ஏட்டைப் புரட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஆற்றுக்கால் சாலையைக் காட்டினால் போதும்.

சங்க மலருக்கு ‘தமிழில் வழக்கு மன்றக் காட்சிகள்’ என்னும் பொருளில் எழுதித் தருமாறு நண்பர்கள் கேட்டபோது நமக்கு இது எளிதாகவே தோன்றிற்று. ‘பராசக்தி’யையும் ‘விதி’யையும் செவி வழியாகவே கற்று வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர்கள் நாம். எழுதத் தொடங்கிய பின்னர்தான் இடையில் ஒரு முள் இருப்பது தெரிந்தது. பெண்ணின் கருவையும் குழந்தையையும் பற்றிய வழக்கை மன்றத்துக்குக் கொண்டுவரும் நம் நாடகங்கள், கேள்வியைக் கேட்டுவிட்டு விடை சொல்லும் நேரத்தில் நழுவிவிடுகின்றன. அந்த நழுவலைப் பற்றியே இக்கட்டுரை.

1952 அக்டோபர் 17, தீபாவளி நாளில் வெளிவந்தது ‘பராசக்தி’. பாவலர் பாலசுந்தரத்தின் நாடகத்தை அடியொற்றியது, உரையாடல் மு. கருணாநிதி, இயக்கம் கிருஷ்ணன் – பஞ்சு. சிவாஜி கணேசனுக்கு அது முதற்படம். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அக்கதையில் தனி உரிமை உண்டு. மூன்று அண்ணன்மார் இரங்கூனில்; தங்கை கல்யாணி மதுரையில். போர் குறுக்கிடுகிறது, கப்பல்கள் தவறுகின்றன. கணவனையும் தந்தையையும் இழந்த தங்கை இட்லிக் கடை வைத்துப் பிழைக்கிறாள். பிழைப்பு நிலைக்கவில்லை. பசியோடு ஒரு பெரிய வீட்டு வாசலில் நிற்கிறாள். அவ்வீட்டுக்காரர் அவளை விரட்டுகிறார். அவர் அவளுடைய மூத்த அண்ணன் சந்திரசேகரன் என்பது இருவருக்கும் தெரியாது. கோயிலுக்குள் அடைக்கலம் தேடினால் பூசாரி அவள் மீது கை வைக்கிறான். இறுதியில் குழந்தையை ஆற்றில் எறிந்துவிட்டுத் தானும் சாகத் துணிகிறாள். பிடித்து மன்றத்தில் நிறுத்துகிறார்கள். நீதிபதி இருக்கையில் அமர்ந்திருப்பவர் அதே சந்திரசேகரன்.

இக்காட்சி அமைப்பின் வலிமையை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். வாசலில் விரட்டியவனே இருக்கையில் அமர்ந்து விசாரிக்கிறான். குற்றத்தில் பங்குள்ளவன் குற்றத்தை அளக்கிறான். சிலம்பில் நெடுஞ்செழியன் அமர்ந்திருந்த இடமும் இதுதானே! கல்யாணி தன் செயலை மறுக்கவில்லை. ஏன் செய்தேன் என்பதைத் தானே எடுத்துரைக்கிறாள். கேட்டுக்கொண்டிருந்த அண்ணன் உண்மை விளங்கி மயங்கி வீழ்கிறார்.

நமக்கு வியப்பளிப்பது வேறொன்று. ‘பராசக்தி’ வசனம் என்றதும் பள்ளி மேடையிலும் திருமண வீட்டுத் திண்ணையிலும் சிறுவர்கள் முழங்கியது எது? பூசாரியைத் தாக்கிய வழக்கில் கூண்டேறிய இளைய அண்ணன் குணசேகரனின் உரை. தன் சண்டை கோயிலோடு அன்று, கோயிலை மறைவிடமாகக் கொண்ட கொடியவரோடு என்று அவன் நிறுவும் அந்த உரை தமிழின் உரைநடைச் செல்வங்களுள் ஒன்று; ஐயமில்லை. கல்யாணியின் வாக்குமூலத்தை மனப்பாடம் செய்தவர் ஒருவரையேனும் நாம் இதுவரை சந்தித்ததில்லை. நம் அலுவலகத்தில் உணவு வேளையில் கேட்டுப் பார்த்தோம். குணசேகரன் உரையை ஐந்து நிமிடம் நிறுத்தாமல் ஒப்பித்தவர்கள் இருவர். கல்யாணி மன்றத்தில் பேசினாள் என்பதே அவர்களுக்கு நினைவில்லை. பெற்றவள் அவள், எறிந்தவள் அவள், உயிருக்கு விடை சொல்ல வேண்டியவள் அவள். வழக்கோ அண்ணனுடையதாகிவிட்டது.

அடுத்து வருகிறது படகு. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே விமலா குழந்தையோடு மன்றத்துள் நுழைகிறாள். ஆற்றில் எறியப்பட்ட குழந்தை நீரில் விழவில்லை. அவ்வழியே வந்த அவள் படகில் விழுந்து பிழைத்தது. குழந்தை உயிரோடிருக்கிறது, ஆகவே கொலை இல்லை. அண்ணனும் தங்கையும் விடுதலையாகிறார்கள், பிரிந்தவர் கூடுகிறார்கள், அநாதைகளுக்கு இல்லம் திறக்கப்படுகிறது.

கொட்டகையில் கைதட்டியவர்களை நாம் குறை கூறவில்லை; நாமும் தட்டியவர்களே. ஆயினும் மன்றத்தில் எழுந்த கேள்வி என்னாயிற்று? பசியாலும் அச்சத்தாலும் தாயொருத்தி தன் மகவைக் கொன்றால் அவளுக்கு நீதி யாது? இங்கிலாந்து 1922ஆம் ஆண்டிலேயே சிசுக்கொலைக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, பேறு கழிந்த நிலையில் மனம் நிலைகுலைந்து சிசுவைக் கொன்ற தாயைப் பிற கொலையாளிகளினின்று வேறுபடுத்தியது. இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அத்தகைய பிரிவு அன்றும் இல்லை. 2024 சூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இல்லை. சந்திரசேகரன் மயங்காமல் விழித்திருந்து தீர்ப்பெழுத நேர்ந்திருந்தால் எதை எழுதியிருப்பார்? அவருக்கு அத்துன்பம் நேராமல் படகு காத்தது. பார்வையாளருக்கும் அதுவே காப்பு.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. பராசக்தி என்னும் தெய்வத்தின் முன்னிலையிலேயே நம்பிக்கையை விசாரணைக்கு இழுத்த படம் அது. தெய்வம் பேசாது, தெய்வம் வந்து காக்காது என்பது அதன் வாதம். அப்படத்தின் முடிவில் தெய்வம் செய்ய வேண்டிய வேலையை அப்படியே ஒரு படகு செய்துவிட்டுப் போகிறது. ஓடும் ஆற்றில், எறிந்த நொடியில், விழும் இடத்தில் படகு. இதனைப் பக்தர் அற்புதம் என்பார். பகுத்தறிவாளர் தற்செயல் என்பார். நாடகத்துக்கு இரண்டும் ஒரே பயனைத் தருகின்றன.

இப்பழக்கம் திரைப்படத்தில் பிறந்ததன்று. மனுநீதிச் சோழன் கதையை இருவர் சொல்லக் கேளுங்கள். கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊரை அறிவிக்கும்போது, பசுவின் கண்ணீரைக் கண்டு தன் மகனைத் தேர்க்காலிலிட்ட சோழனின் ஊர் என்கிறாள். அவ்வளவே. மகன் மீண்டதாக அவள் சொல்லவில்லை, தீர்ப்பு நின்றுவிட்டது. சேக்கிழார் பெருமான் அதே கதையைத் திருவாரூரில் வைத்து விரித்துரைக்கும்போது, தேர் ஏறிய பின் வீதிவிடங்கப் பெருமான் காட்சி தருகிறார். கன்றும் மைந்தனும் அமைச்சனும் உயிர்த்தெழுகிறார்கள். இளங்கோவடிகளிடம் வராத படகு சேக்கிழாரிடம் வந்துவிடுகிறது. இதனால் சேக்கிழாரைக் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று சைவ அன்பர்கள் கருதிவிட வேண்டா. அவருக்கு வேண்டியது இறைவனின் அருள், வழக்கின் முடிவன்று. தொண்டர் வரலாற்றில் அது பொருந்தும். மன்றத்தில் பொருந்துமா என்பதே நம் ஐயம். சிலம்பில் பரல் தெறித்தது. மாணிக்கம் என்று தெரிந்தது. அரசன் தன் பிழையைத் தானே உரைத்து அரியணையிலிருந்து வீழ்ந்தான். கோவலன் எழுந்து வரவில்லை. அக்காதையை இன்றும் உடல் நடுங்காமல் படிக்க இயலாததற்குக் காரணம் இதுவே.

‘விதி’யைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1981இல் தெலுங்கில் வந்த ‘நியாயம் காவாலி’யின் தமிழ் வடிவம், 1984இல் கே. விஜயன் இயக்கத்தில் வெளிவந்தது. அதன் உரையாடல் ஒலிநாடாவாகித் தேநீர்க் கடைதோறும் ஒலித்ததை நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஏமாற்றப்பட்டுக் கருவுற்ற பெண் ஏமாற்றியவனை மன்றத்துக்கு இழுக்கிறாள். அவன் பக்கம் வாதாடுபவர் அவனுடைய தந்தை. அவள் பக்கம் வாதாடும் பெண் வழக்கறிஞரோ ஒரு காலத்தில் அத்தந்தையால் கைவிடப்பட்டவர். மன்றம் மீண்டும் குடும்பக் கூடமாகிறது. இங்கு அண்ணன் பேசவில்லை. பெண்ணுக்காகப் பெண் பேசுகிறாள், பெண்ணும் தன் வாயால் பேசுகிறாள். ‘பராசக்தி’யினும் இது ஒரு படி மேல் என்றே நாம் கொள்கிறோம்.

எனினும் இத்தகைய கதைகள் அனைத்திலும் ஓர் எழுதா விதி இருக்கிறது. கருவைக் கலைத்துவிடலாம் என்னும் சொல் எப்போதும் ஏமாற்றியவன் தரப்பிலிருந்தே வரும். நாயகி அதனைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொள்வாள். அச்சொல்லைச் சொன்னவன் தீயவன், மறுத்தவள் நல்லவள். கேள்வி அங்கேயே முடிந்துவிடும். மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருந்தது. ‘விதி’ வந்தபோது அதற்குப் பன்னிரண்டு வயது. கருத்தடை முறை பிழைத்ததால் வந்த கருவைப் பற்றி அச்சட்டம் பேசிய இடத்தில் ‘மணமான பெண்ணோ அவள் கணவனோ’ என்றே எழுதியிருந்தது. மணமாகாதவளை அவ்வாசகம் காணவில்லை. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அவ்விடத்தில் ‘பெண்ணோ அவள் துணைவனோ’ என்று மாறிற்று. மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டென்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29 அன்று உரைத்தது. மன்றக் காட்சிக்கு இதனினும் கூரிய பொருள் வேண்டுமா? நம் நாடக ஆசிரியர்கள் மன்றத்துக்குள் நுழைந்தார்களே அன்றி அங்கிருந்த சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை. எழுத்தராக இருபது ஆண்டுகளைக் கழித்தவனின் குறுகிய பார்வை இது என்று தள்ளுவோர் தள்ளலாம்.

இனி, இக்கட்டுரையை எழுதவொட்டாமல் தடுத்த முள்ளைச் சொல்லியாக வேண்டும். 2022ஆம் ஆண்டில் நம் வீட்டிலேயே ஒரு மன்றம் கூடிற்று. நம் மைத்துனியும் அவள் கணவரும் வேலை நிமித்தம் கழக்கூட்டத்திலேயே குடியிருந்தார்கள். அவள் இரண்டாம் முறை கருவுற்றிருந்தாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் மூளையும் இதயமும் முறையாக உருவாகவில்லை, பிறந்தாலும் தங்காது என்றார்கள். அவளுடைய மாமியார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தார். அந்த அம்மையார் ஆற்றுக்கால் அம்மனுக்குப் பொங்கல் நேர்ந்திருந்தார்.

“அம்மன் தந்ததை நாம் அழிக்கக் கூடாது. கடைசி நேரத்தில் அவள் வழி காட்டுவாள்” என்றார். இதனைச் சொன்னபோது அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. தாம் முதலில் பெற்ற பிள்ளையை மூன்றாம் நாள் மண்ணுக்குக் கொடுத்தவர் அவர் என்பது நமக்குப் பின்னரே தெரிந்தது.

கணவர் தாயின் பக்கம். நம் இல்லத்தரசி தங்கையின் பக்கம். கூடத்தில் நாற்காலிகள் இரண்டு வரிசையாகவே அமைந்துவிட்டன. இன்னோரிடத்தில் ஸ்கேன் பார்க்கலாம் என்றார்கள், பார்த்தோம். அதே விடை. மூன்றாவது இடத்துக்கும் போனோம். ஒவ்வொரு முறையும் உறையைப் பிரிக்கும்போது எல்லோரும் எதற்காகக் காத்திருந்தோம் என்பது இப்போது நமக்கு விளங்குகிறது: விமலா குழந்தையோடு உள்ளே வருவாள் என்று காத்திருந்தோம். இதற்கிடையில் நாட்கள் ஓடின. 2021 திருத்தத்தின்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். 20க்கு மேல் 24 வரை குறிப்பிட்ட நிலைகளில் இரு மருத்துவர் வேண்டும். 24ஐத் தாண்டினால் மருத்துவக் குழுவின் முன் போக வேண்டும். நம் வீட்டு விசாரணை முடியாத நிலையில் 22ஆம் வாரம் பிறந்துவிட்டது.

அந்த நாட்களில் நாம் அமர்ந்திருந்தது நீதிபதியின் நாற்காலியில். அலுவலகத்தில் கோப்புகளைப் படித்துப் பழகியவர், இரு பக்கமும் கேட்பவர் என்று எல்லோரும் நம்மை நோக்கினார்கள். நாமும் அதனை விரும்பினோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கணவரிடம் பேசினோம், அம்மையாரிடம் பேசினோம், இல்லத்தரசியிடம் பேசினோம். உள்ளறையில் இருந்தவளிடம் ஒரு சொல் கேட்கவில்லை. கல்யாணியின் பேச்சை மறந்தவர்கள் என்று உணவு வேளையில் நண்பர்களை எள்ளிய நாம்தான்!

மருத்துவமனையில் தாள்களைச் சரிபார்க்கும் வேலை நமக்கு வந்தது. வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்தவர் நாம் ஒருவரே. இசைவு தெரிவிக்கும் தாளுக்கு ‘சி’ படிவம் என்று பெயர். ஒரு பக்கமே உள்ளது. மைத்துனி அதனை வாங்கி இரண்டு முறை படித்தாள்.

“அத்தான், இதில் அவர் எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?” என்று கேட்டாள்.

நாமும் தேடினோம். வயது பதினெட்டுக்குக் குறைந்தவளாகவோ மனநலம் குன்றியவளாகவோ இருந்தால் மட்டும் காப்பாளர் கையெழுத்து. மற்றபடி கையெழுத்திடக் கணவருக்கென ஒரு வரியும் இல்லை, மாமியாருக்கும் இல்லை, அக்காளின் கணவருக்கு எப்படி இருக்கும்?

“அவருக்கு இதில் இடமில்லை, அம்மா” என்றோம்.

அவள் சிறிது நேரம் அத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு பேனாவைக் கேட்டாள். நாம் எடுத்துக் கொடுத்தோம். அந்த வழக்கில் நாம் செய்த ஒரே பயனுள்ள காரியம் அதுதான்.

எத்தனையோ படிவங்களை நாம் கண்டிருக்கிறோம். தந்தை பெயர், கணவர் பெயர் என்று பெண்ணைச் சுற்றி வேலி கட்டாத படிவம் அரிது. இசைவு சொல்லும் இடத்தில் ஒருத்தியின் கையெழுத்து மட்டும் தனித்து நிற்கக் கண்டது நமக்கு எந்த மன்றக் காட்சியிலும் கிட்டாத அனுபவம். சில நாட்களுக்குப் பின், அதே செப்டம்பரில், கேரள உயர் நீதிமன்றமும் வேறொரு பெண்ணின் வழக்கில் கணவரின் அனுமதி சட்டத்துக்குத் தேவையில்லை என்று கூறிற்று. அச்செய்தியை நாளிதழில் படித்தபோது கூடத்தில் எவரும் வாய் திறக்கவில்லை.

சட்டம் இத்துடன் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டதாக நாம் எழுதினால் அது நம் கட்டுரைக்கு நாமே விடும் படகாகிவிடும். 2007ஆம் ஆண்டு சமர் கோஷ் வழக்கில், மருத்துவக் காரணமின்றியோ கணவனின் இசைவோ அறிவோ இன்றியோ மனைவி கருவைக் கலைத்தால் அது மனக்கொடுமையாகக் கொள்ளப்படலாம் என்று உச்ச நீதிமன்றம் விவாகரத்துக்கான எடுத்துக்காட்டுகளில் ஒன்றாகச் சொல்லி வைத்தது. படிவத்தில் கையெழுத்திட இடம் பெறாத கணவர் குடும்ப நீதிமன்றத்தின் வாசலில் நிற்கிறார். ஒரு சட்டம் அவளை முழு மனுஷியாகக் காண்கிறது. மற்றொன்று அவளை ஒருவரின் மனைவியாகக் காண்கிறது. இவ்விரண்டும் மோதும் இடத்தில் தமிழில் இன்னும் ஒரு நாடகம் எழுதப்படவில்லை.

எழுதப்படாததற்குக் காரணத்தை நம் கூடத்திலேயே கண்டோம். ‘பராசக்தி’க்கு நம்பிக்கை என்றால் பூசாரி. மூன்றாம் நாள் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு நாற்பது ஆண்டுகளாக ஒரு தெய்வத்தைப் பற்றி நின்ற அம்மையாரின் நம்பிக்கைக்கு அப்படத்தில் ஒரு வரி இல்லை. ‘விதி’க்குக் கருக்கலைப்பு என்றால் ஏமாற்றியவனின் சூழ்ச்சி. அன்புள்ள கணவனும் அறிவுள்ள மனைவியும் ஒரே துயரத்தில் எதிர்ப்பக்கங்களில் நிற்பதற்கு அப்படத்திலும் இடமில்லை. நம் வீட்டில் பூசாரியும் இல்லை, ஏமாற்றியவனும் இல்லை. யாரை எதிர்த்து முழங்குவது? கொடியவன் இல்லாத வழக்கில் நம் வசனகர்த்தாக்களுக்கு வாய் எழுவதில்லை. இளங்கோவடிகளுக்கு எழுந்தது. பாண்டியன் கொடியவன் அல்லன். ஒரு கணம் ஆராயாதவன். அவனைத் தூற்றாமலே அவனுடைய அவையை அவர் இடித்து வீழ்த்தினார்.

பெருந்தொற்றால் இரண்டு ஆண்டுகள் வீட்டு முற்றங்களில் நடந்த பொங்கல் 2023 மார்ச்சில் மீண்டும் ஆற்றுக்கால் சாலைகளுக்கு வந்தது. அம்மையார் நாகர்கோவிலிலிருந்து வந்திருந்தார். நேர்ச்சை பிள்ளைக்காக நேர்ந்தது, பிள்ளை இல்லை, எனினும் நேர்ந்தது நேர்ந்ததுதான் என்றார். முன்னாள் மாலை மைத்துனியும் ஆறு செங்கல்லைப் பையில் வைத்துக்கொண்டு அவரோடு பேருந்தேறினாள். ஆடவர்க்கு அங்கு வேலையில்லையாதலால் நாம் போகவில்லை. இருவரும் அடுத்தடுத்து அடுப்பு வைத்தார்கள் என்றும், இரவு முழுவதும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை என்றும், பாட்டில் பாண்டியன் வீழ்ந்த பிறகு அம்மையாரின் அடுப்பிலிருந்தே மைத்துனி தன் அடுப்புக்குத் தீ எடுத்தாள் என்றும் இல்லத்தரசி வந்து சொன்னாள்.